கீழே போட்ட கேள்விகள்

— இதுல ராஜா எங்கடி? ராணி எங்க? ஒரு ஜோக்கர்கூடக் கிடையாது. இதுக்குப் பேரு சீட்டுக்கட்டா?

— அக்கா, முதல்ல படிச்சுப் பாரு. இது ரம்மி சீட்டு இல்ல. பேசற சீட்டு.

— சீட்டு பேசுமா?

— சீட்டு பேசாது, நாமதான் பேசணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கேள்வி இருக்கும். எடுக்கறவங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான்.

— நல்ல கூத்து. வாரத்துல ஒரே ஒரு மத்தியானம் லாண்டரியை மூடிட்டு மேல வந்து நிம்மதியா ரம்மி ஆடறோம். அதுலயும் மண்ணைப் போட்டாச்சு. நம்ம கட்டு எங்க?

— எடுத்து உள்ள வெச்சிட்டேன்.

— உள்ளன்னா எங்க?

— சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஒரு நாள் இதை ஆடு அக்கா. எனக்காக.

— பெட்டியைப் பாரு, பெட்டியை. தடவிப் பாத்தா பட்டு மாதிரி அட்டை. 'மனம் திறந்து உரையாட நூறு சீட்டுகள்.' கீழ கடை ஷட்டர் அவ்வளவு பெரிசு, அதைத் திறக்கவே ரெண்டு சாவி போதும். மனசைத் திறக்க நூறு வேணுமாம்.

— கிண்டல் பண்ணு. பண்ணி முடிச்சிட்டு ஆட வா.

— யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது? எதிர் மாடி புருஷன் பொண்டாட்டியா? அவங்கதான் பால்கனியில உக்காந்து இப்படி எதையோ கையில பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து உருகிட்டு இருந்தாங்க. இப்பப் பாரு, அவன் துணி ஒரு பில்லுல வருது, அவ துணி வேற பில்லுல வருது.

— அவங்க யாரும் சொல்லல. நானாத்தான் வாங்கினேன்.

— எதுக்கு?

— உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அக்கா. ரொம்ப நாளா தொண்டையில நிக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லியே ஆகணும். நேரா உன் மூஞ்சியைப் பாத்து ஆரம்பிக்க வரல. ஏதாவது கேள்வி வந்தா, அந்தச் சாக்குல சொல்லிடலாம்னு...

— அடிப்பாவி. நாப்பத்தேழு வயசாச்சு. பொறந்ததுலேருந்து என்கூடத்தான் இருக்கே. 'அக்கா, ஸ்டீம் அயர்ன் ஒழுகுது'ன்னு சொல்றே இல்ல, அந்த மாதிரி சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னா நீ 'போடி, போய் வேலையைப் பாரு'ம்பே. எதைச் சொன்னாலும் அதான்.

— வேலை கிடந்தா பாக்கச் சொல்லாம வேற என்ன சொல்லுவாங்க?

— பாத்தியா? பாத்தியா?

— சரி சரி, கண்ணைக் கசக்காதே. கலைச்சுப் போடு. ஆனா நான் சொல்ற மாதிரிதான் ஆட்டம். ஆளுக்கு அஞ்சு சீட்டு. கையில பிடிச்சுக்கணும். முறை வந்தா அஞ்சுல ஒண்ணுக்குப் பதில் சொல்லு. பிடிக்காத கேள்வியைக் கீழ திறந்து போடு, கட்டுல இருந்து வேற எடுத்துக்கோ.

— பெட்டியில அப்படிப் போடலையே. நடுவுல வெச்சு ஒண்ணொண்ணா எடுக்கச் சொல்லியிருக்கு.

— பெட்டி விக்கறவனுக்கு என்ன தெரியும்? சீட்டுன்னா விசிறி மாதிரி விரிச்சுப் பிடிக்கணும். எதிராளி கண்ணுல படாம பிடிக்கணும்.

— எதிராளியா? அக்கா, மனசு விட்டுப் பேசறதுக்கு இது!

— எதிர்ல உக்காந்தா எதிராளிதான். போடு.

— இந்தா. ஒண்ணு, ரெண்டு... அஞ்சு. நீயே ஆரம்பி.

— 'உங்களை மிகவும் சிரிக்க வைத்த நிகழ்வு எது?' இதோ, இப்ப நடந்துட்டு இருக்கே, இதுதான். சொல்லியாச்சு. உன் முறை.

— இது பதிலே இல்ல.

— கேள்விக்கேத்த பதில். எவன்டி இதையெல்லாம் எழுதறான்? 'நிகழ்வு.' வீட்ல யாராவது 'நிகழ்வு'ன்னு பேசுவாங்களா? இவனை ஒரு நாள் நம்ம கவுன்ட்டர்ல நிக்க வைக்கணும். கல்யாண கோட்ல மை கொட்டிட்டு வந்து நிப்பான் பாரு ஒருத்தன், அவன்கிட்ட 'இந்நிகழ்வு பற்றித் தங்கள் உணர்வு யாது'ன்னு கேக்கட்டும். செருப்பு பறக்கும்.

— நான் ஆடறேன். இரு. 'உங்களைப் பற்றி நீங்கள் பெருமைப்படும் ஒன்று?' எனக்கு... கறை எடுக்கறது. எந்தக் கறையா இருந்தாலும் என்கிட்ட வந்தா போயிடும்.

— மைக்கறை?

— அதுவும்தான்.

— அந்தக் கோட்டை நாலு நாள் வெச்சுக்கிட்டு எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வட்டம் வர வெச்சியே, அதுவா? ராத்திரியோட ராத்திரியா அதை எடுத்தது யாரு?

— சரி, நீதான். பெருமையைக்கூட உன்கிட்ட கேட்டுத்தான் படணும்.

— பொய் சொல்லிப் படாதேன்னு சொல்றேன். நான் ஆடறேன். இது வேணாம், கீழ.

— என்ன அது, காட்டு. 'ஒருவருக்கு மறுப்புச் சொல்லிவிட்டுப் பின்னர் வருந்தியது உண்டா?' நல்ல கேள்விதானே, ஏன் போட்டே?

— உண்டா இல்லையான்னு மிரட்டறான், பரிட்சைப் பேப்பர் மாதிரி. வேற எடுக்கறேன். இதுவும் அழுமூஞ்சி. கீழ.

— 'யாருடைய வருகைக்காகவாவது காத்திருந்திருக்கிறீர்களா?' அக்கா, இதுக்காவது ஏதாவது சொல்லலாமே.

— என்னைத் தேடி வர்றவன் எல்லாம் அழுக்குத் துணியோடதான் வர்றான். அவனுக்காக வேற காத்திருக்கணுமா? ஆங், இது நல்லா இருக்கு. 'நீங்கள் வெறுக்கும் ஒரு பழக்கம்?' எதிராளி ஆடாம தேம்பிட்டே உக்காந்திருக்கறது. முடிஞ்சுது.

— உனக்கு எல்லாமே எகத்தாளம்.

— ஆடுடி.

— இரு, பாத்துட்டுப் போடறேன். இது... வேணாம். இதுவும்... இதுவும் வேணாம்.

— அம்மாடி, மூணா? மூணும் கீழயா?

— எனக்குப் பிடிக்கல, போட்டேன். உன் ரூல்தானே.

— பேசணும் பேசணும்னு நீதானே பெட்டி வாங்கிட்டு வந்தே?

— சரியான கேள்வி வரல அக்கா. வந்தா சொல்லுவேன்.

— வரலையா? இங்க பாருடி. எத்தனை வருஷமா உன்கூட ரம்மி ஆடறேன்? நீ கீழ போடறதைப் பாத்தாலே உன் கையில என்ன இருக்குன்னு சொல்லிடுவேன். எது வேணுமோ அதுக்குப் பக்கத்துச் சீட்டைத்தான் பயந்துட்டுக் கீழ போடுவே. பழக்கம் விடுமா? இதோ, 'அடுத்த ஆண்டு இந்நாளில் எங்கே இருப்பீர்கள்?' கீழ. 'இந்த வீட்டில் எந்தப் பொருளைப் பிரிய மனம் வராது?' கீழ. 'கடைசியாக யாரிடம் பொய் சொன்னீர்கள்?' அதுவும் கீழ. இவ்வளவு பளிச்சுனு கிடக்கு.

— என்ன கிடக்கு?

— நீ எங்கயோ போறே.

— அக்கா...

— தனியாப் போற தைரியம் உனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. யார்கூட?

— வேணாம் அக்கா, நாம ரம்மியே ஆடலாம். கட்டை எடுத்துட்டு வரேன்.

— உக்காருடி. யாருன்னு கேட்டேன்.

— ஹேங்கர்காரர்.

— யாரு?

— நமக்கு ஹேங்கரும் கவரும் சப்ளை பண்றாரே, அவருதான்.

— அந்த ஆளா?

— கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. மூணு மாசம் ஆச்சு. யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிச்சு யோசிச்சு... வர ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அவரு வேற ஊருக்குப் போறாரு அக்கா. அங்க சொந்தமா லாண்டரி வைக்கப் போறாரு. அதுக்கு முன்னாடி... ஏதாவது சொல்லேன். ஏன் அப்படிப் பாக்கறே?

— சிரிப்பு வருது, அடக்கிட்டு இருக்கேன்.

— சிரி. நீ சிரிப்பேன்னு தெரியும்.

— ஏண்டி, ஊர்ல வேற ஆளே இல்லையா? தோள் மட்டும் விறைப்பா நிக்கும், உள்ள ஆள் இருக்கறதே தெரியாது. அவன் விக்கற ஹேங்கருக்குச் சட்டை மாட்டி நடக்க விட்ட மாதிரி இருப்பான். அவனைப் போயா?

— அவன் இவன்னு பேசாதே.

— ஓ, மரியாதை வேற. அவரு, அந்த மகாராஜா, லாண்டரி வைக்கப் போறாரு. அதுக்கு என்ன வேணும்? பிரஸ் பண்ண ஆள் வேணும். கறை எடுக்க ஆள் வேணும். கவுன்ட்டர்ல நிக்க ஆள் வேணும். சம்பளமும் குடுக்காம மூணையும் செய்யறதுக்கு என்ன பேருன்னு நினைக்கறே?

— அவரு அப்படி நினைக்கற ஆள் இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— என்கிட்ட நல்லாப் பேசுவாரு. வெயில்ல வந்தீங்களே, தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டா, 'நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு திருப்பிக் கேப்பாரு. இத்தனை வருஷத்துல நீ என்னை அப்படிக் கேட்டிருக்கியா?

— தட்டுல போட்டுக் குடுத்துட்டு, சாப்பிட்டியான்னு வேற கேக்கணுமா?

— கேக்கணும். கேட்டாத்தான் என்ன? உனக்கு வாயில முள்ளா குத்தும்? நீ யாரையுமே மனுஷனா மதிக்கறது இல்ல அக்கா. கவுன்ட்டர்ல வர்றவன் எல்லாம் மடையன். எதிர் மாடியில இருக்கறவங்க கோமாளி. நான் ஒரு முட்டாள். நீ ஒருத்திதான் இந்த உலகத்துல சுத்தமா வெளுத்து மடிச்சு வெச்ச ஆள்!

— பேச்சு நல்லா வருதே. நூறு சீட்டு வேலை செய்யுது.

— செய்யத்தான் செய்யும். கேட்டுக்கோ, இன்னொண்ணும் சொல்றேன். உன்னை எனக்குச் சில நாள் பிடிக்கவே பிடிக்காது. காலையில நீ படியிறங்கற சத்தம் கேட்டாலே, இன்னைக்கு எதுக்கு மட்டம் தட்டுவாளோன்னு இருக்கும். ஆனா உன்னை விட்டுட்டுப் போகணும்னு நினைச்சா நெஞ்சு அடைக்குது. மூணு மாசமா தூங்கல. நீ முட்டி வலியோட இந்தப் படி எப்படி ஏறுவே, பாய்லரை யாரு பாத்துப்பா, உன்கூட யாரு... யாரு சீட்டு ஆடுவா?

— அழாதே. சீட்டு நனையுது.

— நனையட்டும்!

— பாய்லருக்கு ஆள் போட்டுக்கறேன். முட்டி என் முட்டி, நான் பாத்துக்கறேன். போறதுன்னா போ.

— அப்படிச் சொல்லாதே. மனசாரச் சொல்லு. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா, ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். சத்தியமா. நீ சரின்னாத்தான் போவேன். எல்லாம் உன் கையிலதான் இருக்கு.

— என் கையில எதையும் குடுக்காதே. நாப்பத்தேழு வயசு எருமை, சொந்தமா முடிவு எடுக்கத் தெரியாதா?

— நல்லவரா கெட்டவரான்னு மட்டும் சொல்லு. நீ ஆளைப் பாத்தா சொல்லிடுவே இல்ல?

— ஆட்டத்தை ஆடு. என் முறை. இது... கீழ.

— அக்கா, பேசிட்டு இருக்கேன்.

— நானும் ஆடிட்டு இருக்கேன். இதுவும் கீழ.

— இரு. அதை எடு. இப்பப் போட்டியே, அது என்ன?

— என்னவோ. கலைச்சுடு.

— கையை எடு. 'உங்கள் உடன்பிறந்தவரிடம் மறைத்த ஒன்று?' இதைப் போட்டிருக்கே. இன்னொண்ணு, 'உங்களை விரும்புவதாகச் சொன்ன ஒருவரைப் பற்றிக் கூறுங்கள்.'

— நமக்கு யாரு சொன்னா, அதான் போட்டேன்.

— முன்னாடியும் ரெண்டு போட்டே. மறுப்புச் சொல்லிட்டு வருத்தப்பட்டது உண்டான்னு ஒண்ணு. யாருக்காவது காத்திருந்தீங்களான்னு ஒண்ணு.

— அதுக்கு என்ன இப்ப?

— கீழ போடறதைப் பாத்தா கையில இருக்கறது தெரியும்னு நீதானே சொன்னே?

— எனக்குத் தெரியும்னு சொன்னேன். உனக்கு என்னைக்கு ஆட்டம் தெரிஞ்சிருக்கு?

— இத்தனை வருஷம் உன்கிட்ட தோத்துட்டே இருந்திருக்கேன் அக்கா. கொஞ்சமாவது கத்துக்கிட்டிருக்க மாட்டேனா?

— லைட்டைப் போடு. இருட்டுது.

— பட்டப்பகல்ல என்ன இருட்டு? என்னைப் பாரு. உன்னை யாரோ கேட்டிருக்காங்க.

— ஆமா, வரிசை கட்டி நின்னாங்க. ஷட்டர் வரைக்கும் நின்னாங்க. டோக்கன் குடுத்து உக்கார வெச்சேன்.

— நீ மாட்டேன்னு சொல்லியிருக்கே. அப்புறம் அவங்க வருவாங்களான்னு பாத்துட்டு இருந்திருக்கே. அதை என்கிட்ட மறைச்சிருக்கே. என்கிட்ட ஏன் மறைக்கணும்? வேற யாரா இருந்தாலும் என்கிட்ட சொல்லி, அந்த ஆளைக் கிழிகிழின்னு கிழிச்சு, நாம ரெண்டு பேரும் சிரிச்சிருப்போமே. எனக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கப் போய்த்தானே... அக்கா?

— ஆட்டம் முடிஞ்சுது. எழுந்திரு, டீ போடு.

— அக்கா, அவரா?

— எவரு?

— நடிக்காதே. அவரு உன்னைக் கேட்டாரா?

— போடி, போய் வேலையைப் பாரு.

— இன்னைக்கு லீவு. வேலை கிடையாது. கேட்டாரா இல்லையா?

— கேட்டாரு.

— எப்ப?

— உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி. கவுன்ட்டர்லதான். ஹேங்கரை எண்ணி வெச்சுட்டு, பில்லை நீட்டற மாதிரி கேட்டாரு.

— நீ என்ன சொன்னே?

— மாட்டேன்னேன். உன்னை விட்டுட்டு நான் எங்க போறது? மைக்கறையில வட்டம் போடறவ நீ. ஒரு வாரம் தாங்குவியா இந்தக் கடையில?

— உனக்கு அவரைப் பிடிச்சிருந்துதா?

— இது எந்தச் சீட்டுல இருக்கு?

— எதுலயும் இல்ல. நான் கேக்கறேன்.

— பிடிச்சிருந்துது. போதுமா? ரொம்பப் பிடிச்சிருந்துது. அந்த ஆளு லோடு எடுத்துட்டு வர்ற நாள்ல கஸ்டமர் துணியைத் தள்ளி வெச்சிட்டு என் துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டேன். அம்பத்து நாலு வயசுல. கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பாத்துக்கிட்டேன், நல்லா இருக்கான்னு. அசிங்கம். இப்ப நினைச்சாலும் என் மூஞ்சியில நானே காறித் துப்பணும் போல இருக்கு.

— இதுல அசிங்கம் என்ன அக்கா? எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா நான் ஒரு வார்த்தை அவர்கிட்ட பேசியிருப்பேனா?

— தெரியக் கூடாதுன்னுதான் சொல்லல. நீ போ. பண்ணிக்கோ. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னா, பொறாமையில சொன்னேனா, உன் நல்லதுக்குச் சொன்னேனான்னு எனக்கே புரியாது.

— இப்ப எப்படி அக்கா போவேன்? நீ எனக்காக விட்டுக் குடுத்துட்டு...

— விட்டும் குடுக்கல, கட்டியும் குடுக்கல. இன்னொரு தடவை கேப்பாருன்னு நினைச்சேன்டி. அதான் நடந்தது. அந்தக் காத்திருக்கற கேள்விக்கு அதான் பதில். எழுதி வெச்சுக்கோ.

— அப்ப அவருக்கு என்மேல எப்ப... ரொம்ப நாளா என்னையே நினைச்சிட்டு இருந்ததாச் சொன்னாரே. உன்னைக் கேட்டவரு எப்படி என்கிட்ட வந்தாரு?

— அதைக் கேக்காதே.

— கேப்பேன்.

— சொல்றேன் கேளு, இதை விட்டுடு. சந்தோஷமாப் போயிட்டு இரு. ஒழுங்காத் துணி வெளு. எனக்கு மாசம் ஒரு தடவை போன் பண்ணு.

— இதைத் தெரிஞ்சுக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். இந்த நூறும் எனக்கு வேணாம். இந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்லு. உன்கிட்ட இருந்து என்கிட்ட எப்படி வந்தாரு?

— நான் மாட்டேன்னு சொன்னதும் கெஞ்சுவாரு, நாள் கழிச்சு வருவாரு, என்னென்னவோ நினைச்சேன். 'எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, அவளை விட்டுட்டு என்னால வர முடியாது'ன்னேன். அந்த மனுஷன் கையில இருந்த பில்லைக்கூட மடிக்கல, 'அப்படின்னா அவங்க வருவாங்களா?'ன்னாரு.